டயமண்ட் இரண்டு சொன்ன சேதி

கேள்வி: பிரிட்ஜ் ஆட்டமொன்றில் எதிரணி நான்கு ஸ்பேட் ஏலம் எடுத்திருந்தது; அதாவது ஸ்பேட் துரும்பாக, பதின்மூன்று பிடிகளில் பத்தை அவர்கள் எடுக்க வேண்டும். என்னிடமிருந்த ஒரேயொரு டயமண்டை முதலில் இறக்கினேன். கூட்டாளி ஆஸால் பிடித்து, நான் துரும்பால் வெட்டுவதற்காக டயமண்ட் இரண்டை ஆடினார். வெட்டிவிட்டு ஹார்ட் இறக்கினேன். அவர்கள் பத்துப் பிடி எடுத்துவிட்டார்கள். “இரண்டைப் போட்டுக் கிளாவர் கேட்டேனே!” என்று கூட்டாளி கோபித்துக்கொண்டார். வழக்கமாக அவருடைய முகத்தைப் பார்த்தே விஷயத்தை அறிந்துகொள்வேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. சீட்டால் இப்படி இரகசியம் பேசுவது அளாப்பல், அதாவது ஏமாற்று ஆட்டம், இல்லையா?
— வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: அளாப்பல் நடந்திருக்கிறது. ஆனால் அதைச் செய்துவந்தவர் முகத்தைப் பார்த்து ஆடிய நீங்கள்தான்; உங்கள் கூட்டாளி முறையாகவே ஆடியிருக்கிறார்.

அவர் செய்ததை முதலில் பாருங்கள். நீங்கள் எப்படியும் வெட்டப்போகும் பிடியில் அவர் பத்தைப் போட்டாலும் இரண்டைப் போட்டாலும் பிடி உங்களுக்கே வந்துசேரும் என்பதால், அந்தச் சீட்டின் பெருமை சிறுமை வேறொரு சேதியைச் சுமக்க முடிகிறது. துரும்பாகிய ஸ்பேடையும் ஆடப்படும் டயமண்டையும் நீக்கினால் எஞ்சுவன ஹார்ட், கிளாவர் ஆகிய இரண்டு இனங்களே. பெரிய டயமண்டைத் திருப்பி ஆடினால் அவற்றில் உயர்ந்த இனமாகிய ஹார்ட்டையும், சிறியதைத் திருப்பினால் தாழ்ந்த இனமாகிய கிளாவரையும் ஆடு என்பது பொருள். 1930களில் அமெரிக்க ஆட்டக்காரர் ஹை லாவிந்தால் முன்வைத்த இந்த முறை, இன்று உலகெங்கும் பிரிட்ஜ் மேசைகளில் பழகிய வழக்கம். நீங்கள் கிளாவர் ஆடியிருந்தால் அவர் கிளாவர் ஆஸால் பிடித்து இன்னொரு டயமண்டைத் தந்திருப்பார். கையில் இன்னொரு துரும்பு இருந்திருந்தால் அதையும் வெட்டி, நான்காவது பிடியோடு ஏலத்தைக் கவிழ்த்திருப்பீர்கள்.

உங்கள் ஐயம் 304 என்னும் சீட்டாட்டத்தின் மேசையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். பின்னேரங்களில் கடற்கரை மணலில் அதை ஆடி வளர்ந்த நமக்கு, கூட்டாளிக்குச் சைகை என்றாலே கண்சிமிட்டலும் செருமலும்தான் நினைவுக்கு வரும். அங்கே 32 சீட்டுகளே உள்ளன. எட்டும் ஏழும் தவிர ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. ஆகவே எந்தச் சீட்டைப் போடுவது என்பதைப் பெரும்பாலும் புள்ளிக் கணக்கே தீர்மானித்துவிடுகிறது. பிரிட்ஜில் இனத்துக்குப் பதின்மூன்று சீட்டுகள் இருப்பதாலும், பிடிகள் மட்டுமே எண்ணப்படுவதாலும், சிறு சீட்டுகளுக்குப் பேச இடம் கிடைக்கிறது.

அந்தப் பேச்சு இரகசியமும் அன்று. டயமண்ட் இரண்டை நால்வரும் பார்த்தார்கள். அதற்கு உங்களுக்குள் என்ன பொருள் என்று ஏலம் எடுத்தவர் தம் முறை வரும்போது உங்களைக் கேட்கலாம், நீங்கள் மறைக்காமல் விளக்க வேண்டும். போட்டி பிரிட்ஜின் 73ஆம் விதி, கூட்டாளிகள் ஏலத்தாலும் ஆடும் சீட்டாலும் மட்டுமே ஒருவருக்கொருவர் தெரிவிக்கலாம் என்கிறது. குரல், முகபாவம், தயக்கம், சீட்டை மேசையில் அறையும் வேகம் ஆகியவற்றால் சேதி சொல்வதையும், அவற்றிலிருந்து பயன் பெறுவதையும் அது தடுக்கிறது. “வழக்கமாக” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல் என்னை மிகவும் வருத்தியது. அன்று அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியாமல் போனது, ஒரு நல்ல ஆட்டக்காரர் காக்கவேண்டிய ஒழுக்கத்தை அவர் காத்தார் என்பதையே காட்டுகிறது.

அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பின்னர் இருவரும் அமர்ந்து, நடுத்தரச் சீட்டு வந்தால் குறிப்பான விருப்பம் எதுவும் இல்லை என்று கொள்வதா என்பது உட்பட, உங்கள் வழக்கங்களைத் தெளிவாகப் பேசி முடிவு செய்யுங்கள். ஒன்றை மட்டும் அவரும் நினைவில் வைக்கட்டும்: திருப்புவதற்கு அவரிடம் ஒரேயொரு டயமண்ட் மட்டும் எஞ்சியிருக்கும்போது, அந்தச் சீட்டு பெரிதோ சிறிதோ, அதில் சேதி எதுவும் இல்லை, அப்போது நீங்கள் டம்மியின், அதாவது ஏலம் எடுத்தவரின் கூட்டாளி மேசையில் விரித்துவைத்த, சீட்டுகளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.