பரிந்துரைக் கடிதம்: யாரிடம், எப்போது கேட்பது?

கேள்வி: இங்கே சிங்கப்பூரில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் முடித்து 2 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்க 3 பரிந்துரைக் கடிதங்கள் கேட்கிறார்கள். துறைத் தலைவரின் பாடத்தில் ‘ஏ’ பெற்றேன். ஆனால் அவருக்கு என் முகம்கூட நினைவிருக்காது. என் இறுதியாண்டு ஆய்வை மேற்பார்வையிட்டவர் இளம் விரிவுரையாளர். இன்னொரு பேராசிரியரோ, “நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முதலில் அந்த இளம் விரிவுரையாளரிடம் கேளுங்கள். முந்நூறு பேர் அமர்ந்த விரிவுரையில் நீங்கள் ‘ஏ’ வாங்கியதை மட்டும் துறைத் தலைவரால் எழுத முடியும். அதைத்தான் உங்கள் மதிப்பெண் பட்டியலே சொல்லிவிடுகிறதே! சோதனை தோற்றபோது நீங்கள் எங்கே பிழை தேடினீர்கள், எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவர் எழுதும் கடிதத்தைத்தான் தேர்வுக் குழு நின்று படிக்கும். மூன்றாவது கடிதத்தை, அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி அனுமதித்தால், உங்கள் அலுவலக மேலாளரிடம் பெறலாம்.

“நீயே எழுது” என்பவருக்கு நன்றி சொல்லி, கடிதத்துக்குப் பதிலாக, அவரிடம் நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலுக்கே இணைப்பை அனுப்பி, கடிதத்தை அவரே பதிவேற்ற வேண்டும் என்கின்றன. நீங்கள் எழுதியதை அவர் எழுதியதாக அனுப்புவது நேர்மையன்று. அந்த விண்ணப்பத்திலேயே, கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் தரும் உரிமை அது. விட்டுக்கொடுத்தால்தான் எழுதுபவர் மனம் திறந்து எழுதியிருப்பார் என்று குழு நம்பும்.

காலம்தான் உங்களுக்குச் சிக்கலாகும். அங்கே பல துறைகளின் கடைசி நாள் டிசம்பர் முதல் பாதியில் வருகிறது. இங்கோ நவம்பர் இறுதியில் தேர்வுகள் தொடங்க, பேராசிரியர்கள் விடைத்தாள்களில் மூழ்கியிருப்பார்கள். ஆகவே செப்டம்பரிலேயே, வாட்ஸ்அப்பில் அல்லாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். “எனக்காக வலுவான கடிதம் எழுத இயலுமா?” என்று கேட்டால், தயக்கம் உள்ளவர் மரியாதையோடு மறுக்க வழி இருக்கும். (ஆசிரியரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு இப்படிக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் மாணவருக்குக் கடிதம் எழுதுவது அவர்கள் பணியில் ஒரு பகுதி.) சம்மதித்தவரிடம் மதிப்பெண் பட்டியல், தன்விவரக் குறிப்பு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கடைசி நாள் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் கொடுத்துவிட்டு, கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை நினைவூட்டுங்கள்.