ஆர்மேனியன் ஸ்ட்ரீட் முதல் ஏமன் வரை

கேள்வி: பினாங்கு ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் சையத் அலாத்தாஸ் மாளிகை இருக்கிறதே, மலேசிய அரசியல் கட்சியான கெராக்கானை ஆரம்பித்த அலாத்தாஸும் அதே குடும்பமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: பெயர் ஒன்று, கிளை வேறு. ஏமனின் ஹத்ரமௌத் பகுதி சையதுகளின் (நபிகளின் வழிவந்தவர்களின்) வம்சப் பெயர் அது. கடல் வணிகத்தோடு சுமத்ராவின் ஆச்சே, ஜாவா, பினாங்கு என்று பரவியது. மாளிகைக்காரர் சையத் முகமது அலாத்தாஸ் மிளகு வியாபாரி, 19-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களை எதிர்த்த ஆச்சேகாரர்களுக்கு ஆயுதம் போகவும் வழி செய்தவர். ஒட்டி ஒட்டி நிற்கும் கடைவீடுகளுக்கு நடுவே சுற்றுச்சுவரோடு தனியாக நிற்கிற அந்த பங்களாவைப் பார்த்தாலே மிளகில் எவ்வளவு காசு புரண்டது என்று தெரிந்துவிடும்!

நீங்கள் கேட்கும் சையத் உசேன் அலாத்தாஸ் 1928-ல் ஜாவாவின் போகோரில் பிறந்தவர். 1968-ல் கெராக்கானின் முதல் தலைவர். ஆனால் என்னைக் கேட்டால் கட்சியைவிட, 'உள்ளூர்க்காரன் சோம்பேறி' என்று காலனி ஆட்சியாளர்கள் கட்டிவிட்ட கதையை உடைத்து 1977-ல் எழுதிய புத்தகம்தான் அவருடைய பெரிய வேலை, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய நம் ஆட்களின் பேரப்பிள்ளைகளும் படிக்க வேண்டியது. தம்பி நகீப் அல்-அத்தாஸ் தத்துவ அறிஞர். அப்புறம், இந்தோனேசிய வெளியுறவு அமைச்சராக இருந்த அலி அலாத்தாஸ், 1990-ல் ஒன்றான ஏமனின் முதல் பிரதமர் ஹைதர் அல்-அத்தாஸ், எல்லாருக்கும் அதே பெயர்தான்.