ஜீனரைத் திருப்பி மாட்டிய கை

அன்புள்ள ஐயா,

பி.எட். படிக்கிறேன். பயிற்சிக்காக ஒரு மேல்நிலைப் பள்ளியின் பிளஸ் டூ இயற்பியல் லேபில் பின்னால் உட்கார்ந்து வகுப்புகளைக் கவனித்துக் குறிப்பெழுதுகிறேன். போன வாரம் லாஜிக் கேட் (0, 1 உள்ளீடுகளுக்கு ஏற்ப 0 அல்லது 1 தரும் சுற்று) பிராக்டிகல், ஒரு போர்டுக்கு ஐந்து பேர். 7400 ஐசி (நேண்ட் கேட் சில்லு) கிடைத்த குழு சீக்கிரம் முடித்தது. 7402 (நார் கேட்) கிடைத்த குழு கடைசி வரை தடுமாறியது, கொஞ்சம் மந்தமான பிள்ளைகள். படிவத்தில் ஆசிரியரின் குரல், கரும்பலகை என்றுதான் கட்டங்கள் இருக்கின்றன. லேப் வகுப்பில் எதைக் குறிப்பது? இதையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே காட்டினால் போதாதா?

அன்புள்ள டீச்சர்,

மந்தம் என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். 7400-இல் 1, 2 உள்ளீடு, 3 வெளியீடு. 7402-இல் 1-ஆவது கால்தான் வெளியீடு, உள்ளீடு 2-உம் 3-உம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி, 14 கால், 14-இல் 5 வோல்ட், 7-இல் கிரவுண்ட். அந்தப் பிள்ளைகள் பக்கத்து மேசையைப் பார்த்து அதே மாதிரி வயர் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எழுந்து போய்ப் பார்த்தீர்களா? பின் பெஞ்சில் உட்கார்ந்தபடி ஐந்து பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

கம்ப்யூட்டரில் காட்டுங்கள், தப்பில்லை. அங்கே வயர் லூஸாகாது, அவ்வளவுதான்.

நான் பிளஸ் டூ படித்தபோது ஜீனர் டையோடு பிராக்டிகல். எனக்குக் கிடைத்தது 5.6 வோல்ட் ஜீனர், அதாவது பின்னோக்கி மாட்டினால் 5.6 வோல்ட்டில் நிலையாக நிற்கும் டையோடு. சப்ளையை ஏற்ற ஏற்ற என் வோல்ட்மீட்டர் முள் 0.7 பக்கத்திலேயே நின்றுவிட்டது. பயமாக இருந்தாலும் ஒரு பக்கம் ஆசையாகவும் இருந்தது, ஏன் இங்கே நிற்கிறது என்று. ஆசிரியர் வந்தார், டையோடைப் பிடுங்கினார், கோடு போட்ட முனையைத் திருப்பி மாட்டினார், "இப்ப 5.6 வரும், எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வந்தது, எழுதினேன், ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் டிக்கும் விழுந்தது. அந்த 0.7 என்ன என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: நான் முதலில் திசை மாற்றி மாட்டிய ஜீனர் சாதாரண சிலிக்கான் டையோடு மாதிரி முன்னோக்குச் சார்பில் (மின்னோட்டம் எளிதாகப் போகும் திசையில்) வேலை செய்திருக்கிறது, அதாவது முந்தைய வாரம் நாங்கள் செய்த அதே பி-என் சந்தி டையோடு சோதனை, என் கை தவறிப்போய் இரண்டையும் ஒரே போர்டில் சேர்த்து வைத்திருந்தது, அவர் ஒரு நிமிஷம் பொறுத்து "போன வாரம் இந்த 0.7-ஐ எங்கே பார்த்தாய்?" என்று கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றும் வருத்தப்படுகிறேன். அவர் நல்ல மனிதர்தான், நாற்பது பேரை முடித்து அனுப்ப வேண்டும், மணி அடித்துவிடும். எல்லாம் தெரியும், இருந்தாலும் மனசு ஆறவில்லை.

அதனால் கைகளைப் பாருங்கள். வயர் யார் கையில் இருக்கிறது, ரீடிங் எழுதும் நோட்டு யார் கையில் இருக்கிறது. எல்.ஈ.டி. எரியாதபோது பிள்ளைகள் முதலில் எதைத் தொட்டார்கள், வயரையா, பக்கத்துக் குழுவின் நோட்டையா. ஆசிரியரின் கை எத்தனையாவது நொடியில் போர்டுக்குள் வந்தது. வாட்சைப் பார்த்தே எழுதுங்கள். படிவத்தில் கட்டம் இல்லையென்றால் மார்ஜினில் எழுதுங்கள், யார் வேண்டாமென்றார்கள்?

நாளை அந்தக் குழுவிடம் போய், ஐசியின் கால் படத்தை மட்டும் மேசையில் வைத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். விரல் துடிக்கும், பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.