டாகா, ட்ரீமர்ஸ், நம்ம ஹெச்-4 பிள்ளைங்க: கேட்டதுக்கு பதில்

நான் வக்கீல் இல்லங்க, அமெரிக்காவுல ஒரு வக்கீல் ஆபீஸ்ல பல வருஷமா டாகா ஃபார்ம் ரொப்பிக் குடுக்கற ஆளு. டாகான்னா சின்ன வயசுல இங்க வந்து பேப்பர் இல்லாம இருக்கறவங்களுக்கான ஏற்பாடு, அவங்களைத்தான் ட்ரீமர்ஸ்னு சொல்வாங்க. உங்க கேஸுக்கு வக்கீலைத்தான் பாக்கணும், விஷயம் என்னன்னு மட்டும் சொல்றேன்.

கே: அக்கா, ட்ரீம் ஆக்ட், டாகா ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லப்பா. ட்ரீம் ஆக்ட் 2001ல டிக் டர்பினும் ஆரின் ஹாட்ச்சும் சேர்ந்து இந்தப் பசங்களுக்காகக் கொண்டு வந்த மசோதா, ஒருத்தர் டெமாக்ரட் இன்னொருத்தர் ரிபப்ளிகன், அப்படி ஒரு காலம் இருந்துச்சு. 2010 டிசம்பர்ல செனட்ல 60 ஓட்டு வேண்டிய இடத்துல 55 விழுந்துச்சு, அஞ்சு ஓட்டுல போச்சு. காங்கிரஸ் (இங்க பார்லிமென்ட் மாதிரி) பண்ணாததால ஒபாமா அரசு 2012 ஜூன் 15 டாகாவை அறிவிச்சாங்க. அது சட்டம் கிடையாது, அப்ப ஒரு மெமோவா, அதாவது அரசு உத்தரவுக் குறிப்பாத்தான் வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு உன்னை நாடு கடத்த மாட்டோம், வேலை பாத்துக்கோன்னு ஒரு வாக்கு, அவ்ளோதான். விசாவும் இல்ல கிரீன் கார்டும் இல்ல.

கே: யார் யாருக்கு கிடைச்சுது?

16 வயசுக்குள்ள வந்திருக்கணும், 2007 ஜூன் 15ல இருந்து தொடர்ந்து இங்கயே இருந்திருக்கணும், 2012ல 31 வயசு ஆகியிருக்கக் கூடாது, ஸ்கூல்ல படிக்கணும் இல்ல படிச்சு முடிச்சிருக்கணும், பெரிய கேஸ் எதுவும் இருக்கக் கூடாது. இதுல தொடர்ந்து இருந்தேன்னு நிரூபிக்கறதுதான் உயிர் போற வேலை. ஒரு பையன் ஷூ டப்பா நிறைய தூக்கிட்டு வந்தான், ரெண்டாங்கிளாஸ் ரிப்போர்ட் கார்டு, தடுப்பூசி அட்டை, பல் டாக்டர் பில், சர்ச்ல குடுத்த சர்டிபிகேட்னு. அவங்க அம்மா ஒரு சீட்டு கூட தூக்கிப் போடல. எல்லாத்தையும் மாசவாரியா டேபிள்ல பரப்பி, எந்த மாசத்துக்கு காகிதம் இல்லன்னு தேடினோம்.

கே: நாங்க கிரீன் கார்டுக்கு இத்தனை வருஷமா க்யூல நிக்கறோம், டாகா பசங்களும் நிக்க வேண்டியதுதானே?

கோவம் புரியுதுங்க, நானும் அந்த க்யூல நின்னவதான். ஆனா அவங்களுக்கு நிக்க க்யூவே இல்லயே! ரெண்டு வயசுல அம்மா இடுப்புல எல்லை தாண்டி வந்த பையன் பின்னாடி சிட்டிசனையே கட்டிக்கிட்டாலும் விசா எடுக்க நாட்டை விட்டு வெளிய போகணும், 18க்கு அப்புறம் ஒரு வருஷம் பேப்பர் இல்லாம இருந்திருந்தா வெளிய போன உடனே 10 வருஷத் தடை, 1996 சட்டம். விதிவிலக்கு கேக்கலாம், எல்லாருக்கும் கிடைக்காது. எதிர்க்கறவங்க சொல்ற ஒரு வாதத்தை நான் ஒதுக்க மாட்டேன்: இவ்ளோ பெரிய விஷயத்தை காங்கிரஸ் தான் முடிவு பண்ணணும், ஒரு மெமோல பண்ணக் கூடாதுங்கறது. மெமோல வந்ததாலதான் இத்தனை வருஷமா கோர்ட் கோர்ட்டா அலையுது.

கே: ட்ரம்ப் தூக்கிட்டாரே, இன்னும் இருக்கா?

2017ல தூக்கறோம்னாங்க. 2020 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் 5-4ல தடுத்துச்சு, அதுவும் டாகா சரின்னு சொல்லல, நிறுத்தின விதம் சரியில்லன்னுதான் சொல்லுச்சு. அப்புறம் டெக்சாஸ் மாநிலம் போட்ட கேஸ்ல ஜட்ஜ் ஹேனன் 2021ல சட்டவிரோதம்னுட்டார். அதுல இருந்து ஏற்கனவே வெச்சிருக்கவங்க ரின்யூ பண்ணிக்கலாம், புதுசா போட்டா வாங்கி வெச்சுப்பாங்க, முடிவு சொல்ல மாட்டாங்க. இன்னொண்ணு யாரும் கவனிக்கறதில்ல, 2007ங்கற தேதி நகரவே இல்ல. இப்ப பன்னெண்டாவது முடிக்கற பசங்கள்ல நிறைய பேர் அப்ப பொறக்கவே இல்ல.

கே (நியூஜெர்சி எடிசன்ல இருந்து ஒரு அம்மா): எம்பொண்ணு 2009ல ஹெச்-4ல (வேலை விசாவுல வந்தவங்க குடும்பத்துக்கான விசா, பிள்ளைக்கு 21 வயசு வரைக்கும்தான்) வந்தா. 21 ஆகப் போகுது, எங்க கிரீன் கார்டு வரல. அவளுக்கு டாகா போடலாமா?

முடியாதுமா. 2007க்கு அப்புறம் வந்ததால ஒரு அடி. முன்னாடியே வந்திருந்தாலும் 2012 ஜூன் 15 அன்னிக்கு சட்டப்படியான ஸ்டேட்டஸ்ல இருந்தவங்களுக்கு டாகா இல்ல. ஒழுங்கா பேப்பரோட வந்ததுதான் தப்பான்னு கேப்பீங்க, எங்கிட்டயும் பதில் இல்ல. இந்த மாதிரி பேப்பரோட வந்த பிள்ளைங்களுக்காக 2021ல அமெரிக்காஸ் சில்ட்ரன் ஆக்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதுவும் நகரல. கிரீன் கார்டுக்கு வயசு கணக்கு பண்றப்ப உங்க ஐ-140 (கம்பெனி போடற கிரீன் கார்டு மனு) நிலுவைல கிடந்த நாளைக் கழிப்பாங்க, அதை வக்கீல்கிட்ட கேளுங்க. இல்லன்னா 21க்கு முன்னாடியே எஃப்-1க்கு (ஸ்டூடண்ட் விசா) மாத்தப் போடுங்க, கடைசி மாசம் வரைக்கும் இழுக்காதீங்க.

கே: டாகா வெச்சிருக்கவங்க டாக்ஸ் கட்டறாங்களா?

கட்டறாங்க. சம்பளத்துலயே பிடிச்சுடறாங்க. ஆனா காலேஜுக்கு ஃபெடரல் உதவி ஒரு பைசா கிடையாது.

கே: டாகா வெச்சிருக்கவங்க சொந்த ஊருக்குப் போயிட்டு வரலாமா?

அட்வான்ஸ் பரோல், அதாவது திரும்பி வரதுக்கு முன்கூட்டியே வாங்கற அனுமதி, கையில வாங்காம ஏர்போர்ட் பக்கமே போகக் கூடாது. படிப்பு, வேலை, இல்ல வீட்டுல யாருக்காவது ரொம்ப முடியலன்னா குடுப்பாங்க. நான் சொன்னேனே ஷூ டப்பா பையன், அவன் பாட்டி மெக்சிகோல சீரியஸ்னு ஆஸ்பத்திரி லெட்டரோட போட்டோம். அனுமதி வரதுக்குள்ள அங்க அடக்கமே முடிஞ்சிடுச்சு.