கிராம சபையில் தீர்மானம் போட்டால் எங்கள் பட்டா ரத்தாகிவிடுமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் திருநங்கைகளான எங்கள் பதினோரு பேருக்கு ஆளுக்கு மூன்று சென்ட் இலவச வீட்டுமனைப் பட்டா கொடுத்தார்கள். ஊரில் எதிர்ப்பு. எங்களுக்கு அங்கே இடம் கூடாது என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடப்போகிறார்களாம். போட்டால் பட்டா ரத்தாகிவிடுமா? மனையை விட்டுக்கொடுத்தால் ஆளுக்கு நாற்பதாயிரம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: ரத்தாகாது. உங்களுக்குப் பட்டா கொடுத்தது வருவாய்த் துறை. அதை ரத்து செய்யும் அதிகாரம் கிராம சபைக்கும் இல்லை, ஊராட்சிக்கும் இல்லை. நாற்பதாயிரத்தைக் கையால் தொடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இதேபோன்ற வழக்கு கடலூர் மாவட்டம் நைனார்குப்பத்தில் நடந்தது. திருநர்களுக்குக் கொடுத்த மனைப் பட்டாவை ரத்து செய்யச் சொல்லி ஊராட்சித் தலைவரே உயர் நீதிமன்றம் போனார். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தலைவர், உறுப்பினர்கள் மீது ஊராட்சிகள் சட்டப்படி நடவடிக்கை எடுக்க ஆட்சியருக்கு உத்தரவிட்டது. உள்ளாட்சித் தேர்தலில் திருநர்களுக்கு இடஒதுக்கீடு வேண்டும் என்றும் சொன்னது. 2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, குடியிருக்கும் உரிமையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஊரைவிட்டு வெளியேறச் செய்வது 18-ஆவது பிரிவின்படி குற்றம்.

ஊர் எதிர்ப்பைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். பெரும்பாலும் நாலு பேர் எழுதிக்கொண்டு வந்த எதிர்ப்புக் கடிதத்தில், ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் என்ன ஏது என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கூட்டத்துக்கு அத்தனை பேரும் வருவதில்லை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டமே செல்லும். வருகைப் பதிவேட்டின் நகலை வாங்கி எண்ணிப் பாருங்கள்.

தீர்மானம் நிறைவேறினால் மூன்று நாளைக்குள் ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 202-ஆவது பிரிவின்படி, அதிகாரத்தை மீறிய தீர்மானத்தை ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் அவர் நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். மனுவில் பிரிவு எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். எண் இல்லாத மனுவை "உரிய நடவடிக்கைக்கு" என்று வட்டாட்சியருக்கு அனுப்புவார்கள், அவர் வருவாய் ஆய்வாளருக்கு அனுப்புவார், ஆய்வாளர் கிராம நிர்வாக அலுவலருக்கு அனுப்புவார். கடைசியில் எதிர்ப்புக் கடிதம் எழுதியவர்களிடமே விசாரித்து "ஊரில் அமைதி கெடும்" என்று அறிக்கை வரும். சட்டத்தைக் காக்க வேண்டிய அலுவலகங்களே இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைச் சகிக்க முடியவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து, பதிவு எண் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த நாற்பதாயிரம். இலவச மனை ஒப்படை ஆணையில், அதாவது மனையை உங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்த ஆணையில், நிபந்தனைகள் இருக்கும். குறித்த காலத்துக்குள் வீடு கட்டிக் குடியேற வேண்டும், குறித்த ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. காலம் எவ்வளவு என்பதை உங்கள் ஆணையிலேயே படியுங்கள். தரகர் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குவார். அது விற்பனையாகச் செல்லாது. நீங்கள் நிபந்தனையை மீறியதற்கு மட்டும் சாட்சியாகும். அதைக் காட்டி ஒப்படையை ரத்து செய்யலாம். அடுத்த முறை மனை கேட்கும்போது "ஏற்கெனவே பெற்றவர்" என்று உங்கள் பெயர் தள்ளப்படும். எதிர்ப்பைக் கிளப்பிவிடுவதும் மலிவு விலைக்கு மனை கேட்பதும் ஒரே கும்பலா என்று விசாரித்துப் பாருங்கள். பயந்துபோய் யாரும் குடியேறாமல் விட்டாலும் இதே கதைதான், மனை காலி என்று அறிக்கை போகும். பட்டா நிஜமாகவே பறிபோவது இந்த வழியில்தான்.

ஆகவே முதல் வேலை, பட்டா கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. விழா மேடையில் தாளைக் கொடுத்துவிட்டு இடத்தை அளக்காமல் விட்டிருப்பார்கள். கணினிச் சிட்டாவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். நில அளவர் வந்து நான்கு மூலைக்கும் கல் நட்டு, மனை எண்ணோடு உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். கல் நட்ட அன்றே பதினோரு பேரும் நின்று படம் எடுத்துவையுங்கள். மறுநாளே வேலியோ கொட்டகையோ போடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் ஊராரின் ஆட்சேபனைக்கு உண்மையான பலம் உண்டு. அ-பதிவேட்டில், அதாவது எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் வருவாய்த் துறைப் பதிவேட்டில், உங்கள் புல எண்ணுக்கு எதிரே ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்று எழுதியிருந்தால், பட்டா யாருக்குக் கொடுத்திருந்தாலும் நிற்காது. நீர்நிலையில் வீடு கட்ட நீதிமன்றங்கள் விடுவதில்லை. மேய்க்கால், மந்தைவெளி என்று கால்நடைகளுக்கான நிலமாக இருந்தாலும் கவனம் தேவை. அப்படிப்பட்ட நிலத்தை வகைமாற்றம் செய்யுமுன் ஊராட்சியின் தீர்மானம் கேட்பது வழக்கம். அது கேட்கப்படாமல் இருந்தால் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போடுவார்கள். எனவே பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் எடுத்துப் பாருங்கள். "நத்தம்" (குடியிருப்பு நிலம்) என்றோ "தீர்வை ஏற்பட்ட தரிசு" (வரி நிர்ணயித்த, சாகுபடியில் இல்லாத அரசு நிலம்) என்றோ இருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம். நீர்நிலை என்று இருந்தால் வழக்குக்குக் காத்திருக்காமல் மாற்று மனை கேட்டு இன்றே எழுதிக் கொடுங்கள். "திருநங்கைகள் என்பதால் கூடாது" என்ற ஆட்சேபனை வேறு, "இது ஓடை" என்ற ஆட்சேபனை வேறு. முதலாவதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். சில சமயம் இரண்டாவது உண்மையாகவும் இருந்துவிடும்.

குடியேறியதும் படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் பெயரை அந்த ஊருக்கு மாற்றுங்கள். பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபையின் உறுப்பினர்கள். அதன்பிறகு நீங்கள் அங்கே மனுதாரராக ஓரமாய் நிற்க வேண்டியதில்லை, கைதூக்கிப் பேசலாம். ஒரு வார்டில் பதினோரு ஓட்டு சின்ன எண்ணிக்கை இல்லை என்பது எந்த வேட்பாளருக்கும் தெரியும். இன்று எதிர்ப்பவர்களில் சிலர் அப்போது உங்கள் வாசலுக்கு வருவார்கள்.

அதுவரை கூட்டத்துக்குப் போவதானால் மூன்று பேர் போதும். எழுதிய மனுவைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஊராட்சிச் செயலரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புங்கள். அங்கே மிரட்டல் வந்தால் வாய்ச்சண்டை வேண்டாம், நேரே காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்து, அதற்கு மனு ஏற்புச் சான்று கேளுங்கள். மூலப் பட்டாவை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுங்கள்.