ஆர்-22 ஏர்கோனை மாற்றலாமா, வைத்திருக்கலாமா? பினாங்கு வீட்டுக்காரர்களுக்குப் பதில்கள்

பிறையிலிருந்து ஓர் அக்கா: எங்கள் ஏர்கோன் 2011-இல் போட்டது. அதைக் குளிர வைக்கும் ஆர்-22 கேஸ் இனி கிடைக்காது, மிஷினை உடனே மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். உண்மையா தம்பி?

பாதி உண்மை அக்கா. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் போட்ட மொன்றியல் உடன்படிக்கைப்படி, மலேசியா போன்ற நாடுகள் ஆர்-22 வகைக் கேஸைப் படிப்படியாகக் குறைத்து வருகின்றன. தொடக்கத்தில் கணக்கிட்ட அடிப்படை அளவிலிருந்து குறைய வேண்டியது 2015-இல் 10 விழுக்காடு, 2020-இல் 35, 2025-இல் 67.5, 2030-இல் ஏறக்குறைய முழுவதும். அதன்பிறகும் பழைய மிஷின்களின் பராமரிப்புக்கென்று சிறு அளவு 2040 வரை உண்டு. ஆக, கேஸ் கிடைக்கும். வரத்து சுருங்குவதால் விலைதான் ஏறும். ஆனால் உங்கள் மிஷின் கசியாமல் நன்றாகக் குளிர்கிறது என்றால் அந்த விலையேற்றம் உங்களைத் தொடாது. ஓட்டுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: வருடா வருடம் கேஸ் டாப்-அப் செய்கிறோம் அண்ணே. ஒவ்வொரு தடவையும் விலை கூடுகிறது. வேறு வழி இல்லையா?

இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டிருக்கும். குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை விட்டுவிட்டு கேஸ் மட்டும் ஏற்றுவது பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

வெளி யூனிட்டில் செம்புக் குழாய் வந்து சேரும் நட்டுகளைப் பாருங்கள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருந்தால் பெரும்பாலும் கசிவு அங்கேதான், ஏனென்றால் கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும். மெக்கானிக்கிடம் நைட்ரஜன் ஏற்றி, சவர்க்கார நீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. நட்டில் என்றால் குழாய் முனையைப் புதிதாக விரித்துப் பூட்டினால் போதும், செலவு சிறிது. உங்கள் பக்கம் கடல் காற்று என்பதால், கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான காயிலே அரித்துப் போயிருக்கலாம். ஆர்-22 மிஷினில் காயில் போனால் நான் அதில் பணம் போடச் சொல்ல மாட்டேன். அப்போது மாற்றுங்கள்.

இன்னொன்று: உள் யூனிட்டில் ஐஸ் கட்டினாலே கேஸ் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். பில்டர் அழுக்கானாலும் ஐஸ் கட்டும். முதலில் கழுவுங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: ஆர்-22 மிஷினில் விலை குறைந்த வேறு கேஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். போடலாமா?

வேண்டவே வேண்டாம். புது மிஷின்களுக்கான கேஸ்களான ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டின் அழுத்தமும் ஆர்-22-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். பழைய கம்ப்ரசரும் குழாயும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. எண்ணெயும் வேறு வகை. சிலர் புரோப்பேன் கலந்த கேஸை ஏற்றுவார்கள். நன்றாகக் குளிரும், மின் கட்டணமும் குறைவது போலத் தெரியும். ஆனால் அது நம் சமையல் கேஸின் இனம், நன்றாகத் தீப்பிடிக்கும். அதற்கென்றே செய்த மிஷினில் இருக்கலாம். உங்கள் பழைய மிஷினின் மின் பாகங்களுக்குப் பக்கத்தில் அது கசிந்தால் ஆபத்து. அடுத்து வரும் மெக்கானிக் அது தெரியாமல் குழாயைப் பற்றவைக்க நெருப்பை நீட்டினால் அவர் உயிருக்கும் ஆபத்து.

ஜெலுத்தோங் கொண்டோவிலிருந்து: சுவருக்குள் பதித்த பழைய குழாயிலேயே புது ஆர்-32 மிஷின் பூட்டலாமா?

சில சமயம் முடியும். குழாயின் அளவும் தடிமனும் புது மிஷினின் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும், உள்ளே பழைய எண்ணெயை நன்றாகக் கழுவ வேண்டும், முனைகளைப் புதிதாக விரிக்க வேண்டும். குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் போடாமல் பூட்டுகிறவரை அனுப்பிவிடுங்கள். இந்த வேலைகளையெல்லாம் மிஷின் விலையோடு சேர்த்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பலருக்கு இங்கேதான் கணக்கு இடிக்கிறது.

சுங்கை டுவாவிலிருந்து: ஆர்-32 வாங்கினால் அதையும் நாளைக்கு நிறுத்திவிட மாட்டார்களா?

நல்ல கேள்வி தம்பி. ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற கேஸ்களைக் குறைக்க அதே மொன்றியல் உடன்படிக்கையில் 2016-இல் செய்த கிகாலி திருத்தத்தை மலேசியா 2020-இல் ஏற்றது. அது ஓசோனுக்காக அல்ல, பூமி சூடாவதைத் தடுக்க. நம் நாட்டுக்கு 2024-இலிருந்து இந்தக் கேஸ்களின் அளவு உறைந்துவிட்டது, அதற்கு மேல் கூட முடியாது. 2029-இல் 10 விழுக்காடு, 2045-க்குள் 80 விழுக்காடு குறைய வேண்டும். இது எடையை மட்டும் பார்க்கும் கணக்கு அல்ல, கேஸ் பூமியைச் சூடாக்கும் அளவையும் சேர்த்துப் பார்ப்பது. கரியமில வாயுவை 1 என்று வைத்தால் ஆர்-410ஏ-வுக்கு 2088, ஆர்-32-க்கு 675. அதனால் நெருக்கடி ஆர்-410ஏ-வுக்குத்தான் முதலில் வரும். இன்று ஆர்-32 வாங்கினால் அந்த மிஷினின் ஆயுள்வரை கேஸுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. அதுவும் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், பூட்டுகிறவர் அதில் பழகியவரா என்று கேளுங்கள்.

அதே தம்பி: பழைய மிஷினை பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாமா?

கேஸை உருளையில் இறக்கிய பிறகு கொடுங்கள். குழாயை வெட்டி அப்படியே காற்றில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு விடாதீர்கள். கழற்ற வரும் மெக்கானிக்கிடம் கேஸை உறிஞ்சி உருளையில் சேர்க்கும் மீட்பு மிஷின் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.