அயோவா வீட்டு ரேடானும் தந்தையின் மாரடைப்பும்

வணக்கம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உங்கள் வீட்டு நிலவறையில், மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானின் அளவு லிட்டர் காற்றுக்கு 7 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருப்பதாகவும், அங்கே உறங்கிவந்த தந்தையின் மாரடைப்புக்கு அதுவே காரணமா என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படிச் சொல்லப் போதிய சான்று இல்லை. ரேடான் சிதைந்து உண்டாகும் துகள்கள் மூச்சுக்குழாய்களில் படிந்து வெளியிடும் ஆல்ஃபா கதிர்கள் திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடச் செல்வதில்லை என்பதால், நுரையீரலோடு ஒப்பிட்டால் இதயம் பெறும் கதிர்வீச்சு மிகக் குறைவு. வீடுகளில் இருப்பதைவிட மிக அதிக ரேடானைச் சுவாசித்த ஜெர்மனியின் விஸ்முட் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களிடம்கூட இதயநோய் மரணங்களுடன் தெளிவான தொடர்பு தென்படவில்லை.

ஆனால் 1,58,910 அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வில், ரேடான் லிட்டருக்கு 4 பிக்கோகியூரிக்கு மேற்பட்ட பகுதிகளில் வாழ்ந்தோருக்கு, 2க்கும் குறைந்த பகுதிகளில் வாழ்ந்தோரைவிடப் பக்கவாத அபாயம் 14 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. வீடுதோறும் அளக்காமல் வட்டாரச் சராசரியைக் கொண்டு கணித்ததால், அதை நான் நிரூபணமாகக் கொள்ள மாட்டேன்.

எனினும் ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோய் ஐயத்துக்கு இடமில்லாத ஆபத்து. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வகுத்த 4 என்ற வரம்பையும் தாண்டிவிட்டீர்கள். தரைக்கடியிலிருந்து காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றும் குழாயும் விசிறியும் பொருத்துங்கள். அதுவரை தந்தையின் படுக்கையை மேல்தளத்துக்கு மாற்றுங்கள். அவர் புகைபிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. ஆம் எனில், இதயநோய், நுரையீரல் புற்றுநோய் இரண்டையும் தவிர்க்க முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.